வீட்டு நீச்சல்குளம்: ஒப்பந்தக்காரரா, ஊர் ஆளா, நாமேவா?

2022 மே மாதம், ஒரு காலை. எங்கள் குளத்தின் கடைசிப் படி கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீர் வெளிர்பச்சையாக, கொஞ்சம் பால் ஊற்றிய மாதிரி கலங்கிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் பராமரிப்பு நிறுவனத்தின் ஆள் வந்து போயிருந்தார். பம்ப் அறைச் சுவரில் தொங்கும் அட்டையில் தேதி, நேரம், கையெழுத்து, ‘குளோரின் ஓகே, பிஎச் ஓகே’ எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவர் பொய் எழுதவில்லை. அவர் சோதனைப் பெட்டியை வாங்கி நானே சொட்டு விட்டுப் பார்த்தேன், தண்ணீர் நன்றாக மஞ்சளானது. குளோரின் இருந்தது. ஆனால் பாசியைக் கொல்லவில்லை.

எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.3 மீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 42,000 லிட்டர். ஒரு குதிரைத்திறன் பம்ப், மணல் ஃபில்டர், இரண்டு விளக்கு. பெரிய குளம் இல்லை. இதை 2018இலிருந்து நான்கு விதமாகப் பராமரித்துப் பார்த்துவிட்டோம். முதலில் தோட்டக்காரர், பிறகு ஒப்பந்த நிறுவனம், அப்புறம் நாங்களே, இப்போது பக்கத்து ஊர் பிளம்பர் ஒருவரும் நாங்களும் சேர்ந்து. கோயம்புத்தூர் பக்கம் வீடு கட்டும் என் தம்பி, ‘குளம் வெட்டியாச்சுக்கா, யார்கிட்ட விடறது?’ என்று கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஆளைத் தேடுமுன் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘பூல் மெயின்டனன்ஸ்’ என்று ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. தண்ணீரைச் சோதித்து மருந்து போடுவது ஒன்று. இதற்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும் செய்ய வேண்டும். இலை அள்ளுவது, சுவரைத் தேய்ப்பது, அடியில் வேக்குவம் போடுவது, ஃபில்டரைப் பின்னோட்டமாகக் கழுவுவது இன்னொன்று. இது வாரத்துக்கு இரண்டு தடவை, உடம்பு நோகும் வேலை. மோட்டார், வால்வு, வயரிங், விளக்கு மூன்றாவது. இது எப்போதாவது வரும், வந்தால் தெரிந்தவர்தான் தொட வேண்டும். மூன்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்ததுதான் எங்கள் முதல் நான்கு வருடத் தவறு.

ஒப்பந்த நிறுவனம்

இதன் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளக் கழி, வேக்குவம் ஹோஸ், பிரஷ் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். வால்வை எப்படித் திருப்ப வேண்டும் என்று புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டாம். ஒரு ஆள் ஊருக்குப் போனால் இன்னொருவர் வருவார். மெக்கானிக்கல் சீல் மாதிரியான உதிரி பாகம் அவர்கள் கையில் இருக்கும். எங்கள் பக்கத்தில் வாரம் மூன்று நாள் வருவதற்கு, மருந்து சேர்த்து, மாதம் 9,000 முதல் 14,000 ரூபாய் வரை கேட்டார்கள்.

சிக்கல் அந்த ‘மருந்து சேர்த்து’ என்பதில் இருக்கிறது. வெயிலில் குளோரின் நிற்காது. எந்தப் பாதுகாப்பும் இல்லாத குளோரின் நம் ஊர் மே மாத வெயிலில் சில மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விடும். வாரம் மூன்று நாள் மட்டும் வருகிறவர், நடுவில் உள்ள நாட்களுக்கும் சேர்த்துத் தாங்கும் மருந்தைத்தான் தேடுவார். அதற்குத் தோதானது டிரைகுளோர், கடைகளில் டிசிசிஏ 90 என்று கிடைப்பது. அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காப்பது அதுதான், லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. ஆனால் குளோரின் செலவழிந்து போகும், சயனூரிக் அமிலம் போகாது. அது தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும்.

எங்கள் குளத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 42,000 லிட்டரில் குளோரினை ஒரு பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், உயர்த்த 47 கிராம் டிரைகுளோர் வேண்டும். கோடையில் நாளுக்கு இரண்டு பிபிஎம் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 2.8 கிலோ. இப்படி ஏற்றும் ஒவ்வொரு பிபிஎம் குளோரினோடும் 0.6 பிபிஎம் சயனூரிக் அமிலம் உள்ளே போகிறது. மாதத்துக்கு 36. ஜனவரியில் நிறுவனத்திடம் கொடுத்தோம், மே மாதத்தில் குளம் பச்சையானது. இடையில் நான்கு மாதம். நான் தனியாக வாங்கிச் செய்த சயனூரிக் அமிலச் சோதனையில், தண்ணீரோடு மருந்தைக் கலந்து குழாயில் ஊற்ற ஊற்ற, அடியில் உள்ள கறுப்புப் புள்ளி 100 என்ற கோட்டுக்கு வெகு முன்பே மறைந்துவிட்டது, அதாவது அமிலம் 100 பிபிஎம்முக்கும் மேல். அந்த அளவில் இரண்டு, மூன்று பிபிஎம் குளோரின் இருந்தும் பயனில்லை, பெரும்பகுதி அந்த அமிலத்தோடு பிணைந்து சும்மா கிடக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. எங்களுக்கு 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு தேவைப்பட்டது. கோடையில் டேங்கர் தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் அந்தச் செலவைவிட அந்த விரயம்தான் எனக்கு வலித்தது.

வந்தவர் கெட்டவர் இல்லை. நாளுக்கு எட்டுப் பத்து வீடு, வீட்டுக்கு அரை மணி நேரம், பையில் ஒரே ஒரு மருந்து. அவர் வைத்திருந்த மஞ்சள் நிறச் சோதனை மொத்தக் குளோரினைத்தான் காட்டும். அழுக்கோடு சேராமல் மிச்சமிருக்கும், வேலை செய்யக்கூடிய குளோரின் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி சோதனை வேண்டும். பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மை, சரியாக இருப்பதும் முக்கியம். 7.5இல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமான வடிவத்தில் இருக்கும். 8ஐத் தொட்டால் அது கால்பங்குக்கும் கீழே போய்விடும். ‘ஓகே’ என்ற ஒரு சொல்லில் இதெல்லாம் அடங்காது. அட்டையில் எண் எழுதச் சொல்லிக் கேட்டேன். இரண்டு வாரம் எழுதினார்கள், அப்புறம் ஆள் மாறினார், மறுபடியும் ‘ஓகே’.

நாமே செய்வது

அந்த மே மாதத்துக்குப் பிறகு எட்டு மாதம் எல்லாவற்றையும் நாங்களே செய்தோம். தண்ணீர் அவ்வளவு நன்றாக அதற்கு முன் இருந்ததே இல்லை. காலையில் காபி குடிக்கும் முன் சோதித்து, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு மருந்து போட்டு, நோட்டில் எழுதி வைத்தோம். பிஎச் 7.2இலிருந்து 7.6க்குள், வேலை செய்யும் குளோரின் 1 முதல் 3க்குள். ஒரு மாதத்தில் குளத்தின் குணம் கைவந்துவிடும். நாலு குழந்தைகள் குளித்தால் மறுநாள் எவ்வளவு குறையும், மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்க்காமலே சொல்லலாம். வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறு. வியர்வையோடும் அழுக்கோடும் சேர்ந்துவிட்ட குளோரின்தான் அப்படி நாறும், அப்போது இன்னும் மருந்து தேவை என்று அர்த்தம்.

ஆனால் வேக்குவம் போடுவதும் தேய்ப்பதும் வேறு கதை. சவுக்கு ஊசி விழும் பகுதி இது. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ வேறு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் இதிலேயே போனது. அலுவலகம் போகும் இருவர் உள்ள வீட்டில் இது நீடிக்காது. எங்களிடம் நீடிக்கவில்லை.

வாட்ச்மேனிடமோ தோட்டக்காரரிடமோ கூடுதலாகச் சொல்லிவிடுவது இன்னொரு வழி. நிறைய வீடுகளில் நடப்பது இதுதான். எங்கள் தோட்டக்காரர் இலை அள்ளுவதில் குறையே வைக்கவில்லை, தினமும் இருக்கிறவர் என்பதால் சின்ன மாற்றமும் அவர் கண்ணில் பட்டது. ஆனால் நாங்கள் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் மருந்தை மட்டும் கையில் கொடுத்தோம். ஒருநாள் பம்ப் அறைக்குப் போனால், பிஎச் குறைக்க வைத்திருந்த ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடர் வாளியும் ஒட்டி ஒட்டி இருந்தன, இரண்டுக்கும் ஒரே மக். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய சின்ன அறையில் அது ஆளைக் கொல்லும். கையுறை கூட வாங்கித் தரவில்லை நாங்கள். சம்பளத்தை ஏற்றாமல், பயிற்சி தராமல் ஒருவர் தலையில் இந்த வேலையைக் கட்டுவது தப்பு. அதை நாங்கள் செய்தோம், இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

ஊர் ஆள்

2023 தொடக்கத்தில், மேலே மிதக்கும் இலை, தூசியை இழுக்கும் ஸ்கிம்மர் பக்கத்துக் குழாயில் கசிவு. ஹார்டுவேர் கடைக்காரரிடம் கேட்டேன். ‘பிளம்பிங், மோட்டார், ஒயரிங் மூணும் பாப்பாரு, கைச்சுத்தம்’ என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை அனுப்பினார். வந்தவர் உடனே உடைக்க ஆரம்பிக்கவில்லை. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் மட்டத்தைக் கோடு போட்டுவிட்டு நாளை வருகிறேன் என்று போய்விட்டார். வாளியில் இறங்கியது வெயிலில் ஆவியானது, குளத்தில் அதைவிட அதிகமாக இறங்கியது கசிவு. அந்த ஒரு செயலில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வாரம் இரண்டு நாள் வந்து தேய்த்து, வேக்குவம் போட்டு, ஃபில்டர் கழுவ மாதம் 4,500 என்று பேசினோம். மருந்து எங்கள் செலவு. ரிப்பேர் வேலைக்குத் தனிக் கூலி. எந்த ஒப்பந்தத் தாளிலும் வராத ஒன்று அவரிடம் கிடைத்தது. அவருக்குக் காது இருக்கிறது. ஒருநாள் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும், ‘அக்கா, மோட்டார் சத்தம் மாறிடுச்சு. பேரிங் போகுது. இப்பவே மாத்திட்டா காயில் தப்பிக்கும்’ என்றார். ரீவைண்டிங் செலவு மிச்சமானது.

அந்த வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மழை வலுக்கும் முன்னாலேயே வந்து, நாங்கள் கூப்பிடாமலே, பம்பின் யூனியனைக் கழற்றி, மோட்டாரைத் தூக்கி வீட்டுக்குள் லாஃப்டில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பம்ப் குழி முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் வேறு இரண்டு வீட்டில் மோட்டார் மூழ்கிப்போனது. அந்த வாரம் எந்த நிறுவனத்தாலும் வேளச்சேரி வெள்ளத்தைத் தாண்டி ஆள் அனுப்ப முடியவில்லை. அவர் சைக்கிளில் வந்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மணல் ஃபில்டரின் தலையில் இருக்கும் பலவழி வால்வை, பம்ப் ஓடும்போதே ஒருமுறை திருப்பிவிட்டார். உள்ளே இருக்கும் ஸ்பைடர் கேஸ்கெட் என்ற ரப்பர் அடைப்பு கிழிந்து, தண்ணீர் கழிவுக் குழாய் வழியாக இரண்டு நாள் போய்க்கொண்டே இருந்தது. அவருக்கு யாரும் அதைச் சொல்லித்தந்ததில்லை, அவ்வளவுதான். ‘முதலில் சுவிட்ச், அப்புறம் கைப்பிடி’ என்று வால்வுக்கு மேலே எழுதி ஒட்டினோம், அதற்குப் பிறகு அந்தத் தவறு நடக்கவில்லை. ஃபில்டரை எப்போது கழுவ வேண்டும் என்பதற்கும் ஒரு கோடு போட்டுவைத்தோம். சுத்தமான ஃபில்டரில் அழுத்தமானி காட்டும் அளவிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் கழுவலாம். வழக்கத்துக்காகத் தினமும் கழுவினால் தண்ணீர்தான் வீண்.

பெரிய குறை ரசாயனம். தண்ணீரைக் கண்ணால் பார்த்தே அவர் முடிவு செய்வார். ‘கண்ணாடி மாதிரி இருக்குதேக்கா, எதுக்கு மருந்து?’ கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரில் குளோரின் சுத்தமாக இல்லாமலும் இருக்கலாம். 2024இல் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபாவால் குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது அவரை உட்காரவைத்துப் பேசினேன். அது மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது, சரியான அளவு குளோரின் எப்போதும் இருக்கும் குளத்தில் அதற்கு இடமில்லை என்று சொன்னேன். புரிந்துகொண்டார். ஆனாலும் சோதனையை நான் அவரிடம் கொடுக்கவில்லை. அதில் குளிப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகள், அந்த எண் எங்கள் நோட்டில்தான் இருக்க வேண்டும்.

யாரை வைத்தாலும் விட்டுக்கொடுக்கக் கூடாத சில இடங்கள் உண்டு. முதலாவது மின்சாரம். எங்களிடம் முன்பு ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஆர்சிசிபி மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று சொன்னதற்கு, அதைத் தாண்டி டைரக்ட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விளக்கு எரிந்தது, நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஒரு மாதம் கழித்து எங்கள் பிளம்பர்தான் பேனலைத் திறந்து பார்த்துவிட்டுப் பதறினார். ஆர்சிசிபி விழுவது தொந்தரவு இல்லை, எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது. உப்புக் காற்றில் டெர்மினல்கள் அரித்து, விளக்குப் பெட்டிக்குள் ஈரம் போயிருந்தது. குளத்து இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், நீருக்கடி விளக்கு 12 வோல்ட்டாகத்தான் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் எர்த்தைச் சோதிக்க வேண்டும். இதில் ஊர் ஆளின் சாமர்த்தியத்தை நம்பாதீர்கள், நிறுவனத்தின் அட்டையையும் நம்பாதீர்கள்.

இரண்டாவது, குளத்தைக் காலி செய்வது. எங்கள் மாதிரிக் கடற்கரை மணலில், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு ஒட்டி ஏறிவிடும். அப்போது குளத்தைக் காலி செய்தால் கீழிருந்து நீர் தள்ளும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் தொட்டியை அழுத்திப் பிடித்திருந்தது, அது போனதும் தரை மேலே எழும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டைல் இடுக்கைப் பூச நவம்பரில் காலி செய்தார்கள், தரை வெடித்துத் தூக்கிவிட்டது. ‘பச்சையாயிடுச்சு, கொட்டிட்டுப் புதுசா ரொப்பிடலாம்’ என்று யார் சொன்னாலும், நிறுவனமோ ஊர் ஆளோ, மாதத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மூன்றாவது மருந்து அறை. டிரைகுளோரும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றோடொன்று படவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். கரைக்கும்போது வாளியில் முதலில் தண்ணீர், அப்புறம்தான் மருந்து. கையுறை, கண்ணாடி, முகமூடி நம் செலவில் வாங்கி அங்கேயே மாட்டிவைக்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று முதல் நாளே கேளுங்கள். தெரியாதவரைத் தனியாக ஆழத்துப் பக்கம் நிறுத்தாதீர்கள்.

சரி, பணக் கணக்கு. இப்போது எங்களுக்கு மாதம் ஆள் சம்பளம் 4,500, மருந்துக்குப் பருவத்தைப் பொறுத்து 1,500 முதல் 2,500, அப்புறம் வருட ரிப்பேர். நிறுவனத்துக்குக் கொடுத்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஊர் ஆளைத் தேடினால் ஏமாற்றம்தான். பேரம் பேசிக் குறைத்த சம்பளத்தில் புயலுக்கு முந்தின நாள் யாரும் வந்து மோட்டாரைக் கழற்ற மாட்டார்கள். மழை மாதத்தில் அவர் வருகிற நாள் குறைந்தாலும் முழுச் சம்பளம் கொடுக்கிறோம், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுக்கிறோம். அவருக்கு வேறு பத்து வீட்டு வேலை இருக்கிறது, நாம் கூப்பிடும்போது வர வேண்டும் என்றால் நம் வீடு அவருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

நிறுவனம்தான் சரி என்று நான் சொல்லும் வீடுகளும் உண்டு. வார இறுதிக்கு மட்டும் வந்துபோகும் வீடு, விருந்தினருக்கு வாடகைக்கு விடும் வீடு, தினமும் சோதிக்க யாரும் இல்லாத வீடு. அங்கே ஊர் ஆளை மேற்பார்க்க ஆளில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன் நான்கைக் கேட்டு வாங்குங்கள். மருந்தை நாமே வாங்கித் தருவோம். டிபிடி சோதனைதான் செய்ய வேண்டும். அட்டையில் எண் எழுத வேண்டும், ‘ஓகே’ கூடாது. மாதம் ஒருமுறை சயனூரிக் அமில அளவு வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனம் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும் வேண்டாம்.

தம்பிக்குத் தனியாக ஒன்று சொன்னேன். அவன் போர் தண்ணீர் கடினத் தண்ணீர், சுண்ணாம்பு நிறைய. பிளீச்சிங் பவுடரில் மேலும் கால்சியம் சேரும், டைலில் வெள்ளைப் படிவம் கட்டும். அவனுக்குத் திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், தோதாக இருக்கும். ஆனால் அது வெயிலிலும் வெப்பத்திலும் சீக்கிரம் வீரியம் இழக்கும், பத்து நாளுக்கு மேல் வாங்கி வைக்கக் கூடாது. அவன் இன்னும் குளத்தில் தண்ணீர் விடவில்லை. அதற்கு முன்பே சோதனைப் பெட்டி வாங்கி, போர் தண்ணீரின் பிஎச்சும் கடினத்தன்மையும் எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொன்னேன். உள்ளூர் ஹார்டுவேர் கடையில் விசாரித்து, கிடைக்கிற ஆளுக்கு முதலில் ஒரு சின்ன வேலை கொடுத்துப் பார்க்கவும் சொன்னேன். கசியும் ஒரு வாஷ்பேசின் குழாய் போதும். வந்தவுடன் கழற்றுகிறாரா, முதலில் மெயின் வால்வை மூடுகிறாரா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.